செவ்வாயின் பழங்கால ஏரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'செவ்வாயில் தண்ணீர் கண்டுபிடிப்பு' என்ற தலைப்பு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது நாளிதழில் வந்துவிடுகிறது. இன்னும் எத்தனை முறைதான் கண்டுபிடிப்பார்கள் என்று வாசகர்கள் சலித்துக்கொள்வது நியாயம்தான். துருவப் பனிக்கட்டி, காற்றிலுள்ள நீராவி, மலைச்சரிவில் தெரியும் கறுப்புக் கோடு என எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் அடைப்பதால் வரும் குழப்பம் அது. இங்கே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சுமார் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே ஏரிகள் இருந்தன என்பதற்குப் பாறைகள் சொல்லும் சாட்சி என்ன, அதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஏரி இருந்தது என்பது ஊகமா, நிரூபணமா?

இரண்டு இடங்களைப் பொறுத்தவரை நிரூபணம் என்றே சொல்லலாம். ஒன்று, 154 கிலோமீட்டர் அகலமுள்ள கேல் பள்ளம். 2012 ஆகஸ்டில் நாசாவின் கியூரியாசிட்டி ரோவர், அதாவது ஊர்ந்து சென்று ஆராயும் தானியங்கி வண்டி, இறங்கியது அங்கேதான். மற்றொன்று, 45 கிலோமீட்டர் அகலமுள்ள ஜெசெரோ பள்ளம். 2021 பிப்ரவரி 18 அன்று பெர்சவரன்ஸ் ரோவர் அதில் இறங்கியது. இரண்டுமே விண்கல் மோதிக் குடைந்த பள்ளங்கள். இரண்டிலும் ரோவர்கள் பாறைக்கு ஒரு சாண் தூரத்தில் கேமராவை வைத்துப் பார்த்திருக்கின்றன, துளையிட்டிருக்கின்றன, உள்ளிருக்கும் தாதுக்களை அலசியிருக்கின்றன.

மற்ற இடங்களின் நிலை வேறு. சுற்றுவட்டப் பாதையிலிருந்து எடுத்த படங்களை வைத்து நூற்றுக்கணக்கான பள்ளங்கள் 'ஏரியாக இருந்திருக்கும்' என்று பட்டியலிடப்பட்டிருக்கின்றன. பெரும்பாலானவை சரியாகவே இருக்கலாம். ஆனால் மேலிருந்து பார்ப்பதும் கல்லைத் தொட்டுப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதைச் செவ்வாய் ஒரு முறை கசப்பாகவே கற்றுக்கொடுத்தது. அதற்குப் பின்னர் வருகிறேன்.

மேலிருந்து எடுத்த படத்தை வைத்து ஏரி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

1965இல் மாரினர் 4 விண்கலம் அனுப்பிய படங்களில் செவ்வாய் நிலவைப் போலக் குழிகள் நிறைந்த வறண்ட உலகமாகத்தான் தெரிந்தது. 1971 நவம்பரில் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9தான் கிளைகள் விரித்து ஓடும் பழைய ஆற்றுத்தடங்களைக் காட்டியது. ஆறு என்றால் அது எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். அந்தத் தடங்களைப் பின்தொடர்ந்தபோது பல தடங்கள் விண்கல் பள்ளங்களின் விளிம்பை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கியது தெரிந்தது.

இதில் வலுவான தடயம் மறுகால்தான். ஒரு பள்ளத்துக்குள் வரத்துக்கால் மட்டும் இருந்தால், வந்த நீர் மணலில் சுவறிப்போயிருக்கலாம். எதிர்ப்பக்கம் விளிம்பை அறுத்துக்கொண்டு இன்னொரு கால்வாய் வெளியேறியிருந்தால் வேறு வழியில்லை. அந்த உயரம் வரை நீர் நிரம்பித்தான் ஆக வேண்டும். வரத்தும் மறுகாலும் சேர்ந்த இப்படிப்பட்ட பள்ளங்கள் 200க்கு மேல் கணக்கிடப்பட்டிருக்கின்றன. ஜெசெரோவில் மேற்கே நெரெத்வா, வடக்கே சாவா என்று இரண்டு வரத்துகள். கிழக்கே பிளிவா என்ற மறுகால்.

சில ஏரிகள் கரை உடைத்துக்கொண்டு வெளியேறியிருக்கின்றன. செவ்வாயின் பள்ளத்தாக்குகளில் அரித்தெடுக்கப்பட்ட மொத்தக் கனஅளவில் கால் பங்காவது இப்படிக் கரை உடைந்த பெருவெள்ளங்களால் வாரங்களுக்குள் அறுக்கப்பட்டிருக்கலாம் என்று 2021இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. மழைக்காலம் மழைக்காலமாக ஆறு மெல்ல அறுத்தது என்ற படத்தை இது ஓரளவு மாற்றிவிட்டது.

2003இல் எபர்ஸ்வால்டே என்ற பள்ளத்தில், வளைந்து நெளிந்து, பழைய வளைவை விட்டுப் புது வழி பிடித்து ஓடிய ஆற்றின் டெல்டா கல்லாக உறைந்து கிடப்பதை, செவ்வாயைச் சுற்றிய மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தின் படங்களில் பார்த்தார்கள். ஒரே நாள் வெள்ளம் இத்தனை வளைவு போடாது. நெடுங்காலம் நீர் ஓடியது என்பதற்கு அது நல்ல சாட்சி.

அந்தக் கணிப்பு எப்போதாவது பொய்த்ததுண்டா?

உண்டு. அதுவும் பெரிய அளவில். 2004 ஜனவரியில் ஸ்பிரிட் ரோவரை குசேவ் பள்ளத்தில் இறக்கினார்கள். காரணம் படத்தைப் பார்த்தாலே புரியும்: சுமார் 700 கிலோமீட்டர் நீளமுள்ள மாதிம் பள்ளத்தாக்கு நேராக அதற்குள் வந்து கொட்டுகிறது. இவ்வளவு பெரிய ஆறு வந்து விழுந்த பள்ளத்தில் ஏரி வண்டல் இல்லாமல் இருக்குமா?

இல்லை. ஸ்பிரிட் இறங்கிய சமவெளி முழுக்க எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பசால்ட் பாறை. ஏரிப் படிவு ஏதேனும் இருந்தால் அது அந்தக் குழம்புக்கு அடியில் புதைந்து கிடக்க வேண்டும். ரோவர் சில கிலோமீட்டர் ஊர்ந்து கொலம்பியா குன்றுகளை அடைந்த பிறகுதான் நீர் தொட்ட பாறைகள் கிடைத்தன. 2007இல் அதன் பழுதான முன்சக்கரம் மண்ணைக் கிளறிக்கொண்டே போனபோது, கிளறிய தடத்தில் வெள்ளை வெளேரென்று சிலிக்கா தெரிந்தது. அது வெந்நீர் ஊற்றோ நீராவியோ விட்டுச்சென்றது, ஏரி விட்டுச்சென்றதல்ல.

ஜெசெரோவிலும் இதன் சிறிய பதிப்பு நடந்தது. பள்ளத்தின் தரை ஏரி வண்டலாக இருக்கும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பெர்சவரன்ஸ் சுரண்டிப் பார்த்தபோது தரை எரிமலைப் பாறை. ஆனால் அங்கே ஆறு கட்டிவைத்த டெல்டா கைவிடவில்லை. ரோவரின் அடியிலுள்ள ரேடார், டெல்டா தரையைத் தொடும் இடத்தில் கிடையான வண்டல் அடுக்குகள் நிலத்துக்குள் தொடர்வதைக் காட்டியது. அந்த முடிவு 2024 ஜனவரியில் வெளியானது.

அப்படியானால் மறுக்க முடியாத சாட்சி எது?

சேறு. என் பார்வையில் டெல்டாவின் அழகான படத்தைவிட ஒரு துண்டுச் சேற்றுப்பாறைக்கு மதிப்பு அதிகம்.

ஓடும் நீர் கூழாங்கல்லை உருட்டும், மணலை இழுக்கும். மாவு போன்ற நுண்துகளோ நீர் அசையும்வரை அடியில் தங்காது. நீர் தேங்கி நின்றால்தான் அது மெல்ல இறங்கி, ஏடு ஏடாகப் படியும். ஆகவே கெட்டியான, மெல்லிய ஏடுகள் கொண்ட நுண்துகள் பாறை பல மீட்டர் தடிமனுக்குத் தொடர்ந்து கிடைத்தால், அங்கே நீர் தேங்கி நின்றது என்று சொல்ல நேர்கிறது.

கியூரியாசிட்டி இதை முதலில் கண்டது யெல்லோநைஃப் பே என்று பெயரிட்ட இடத்தில். 2013 பிப்ரவரியில் 'ஜான் கிளைன்' என்ற பாறையில் துளையிட்டது. துளையின் அகலம் 1.6 சென்டிமீட்டர், ஆழம் சுமார் 6 சென்டிமீட்டர். செவ்வாயின் மேற்பரப்பில் எங்கு பார்த்தாலும் துரு நிறம். அந்தத் துளையிலிருந்து வெளிவந்த பொடியோ சாம்பல் நிறம். பாறைக்குள்ளிருந்த இரும்பு முழுதாகத் துருப்பிடிக்கவில்லை என்று அர்த்தம். ரோவருக்குள் உள்ள எக்ஸ்ரே கருவி அந்தப் பொடியை ஆராய்ந்ததில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஸ்மெக்டைட் வகைக் களிமண். பசால்ட்டிலிருந்து வந்த தாதுக்கள் நீரில் நெடுநாள் கிடந்தால் உண்டாகும் களிமண் இது. பாறையின் வெடிப்புகளில் கால்சியம் சல்பேட் வெள்ளை நரம்புகளாக ஓடியிருந்தது. சேறு கல்லான பிறகும் நிலத்தடி நீர் அதற்குள் புகுந்திருக்கிறது.

2014 செப்டம்பரில் ரோவர் பள்ளத்தின் நடுவேயுள்ள, சுமார் 5 கிலோமீட்டர் உயரமான ஷார்ப் மலையின் அடிவாரத்தை எட்டியது. அங்கிருந்து ஏற ஏற, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்துக்கு இதே வகை மெல்லிய ஏடுகள்.

நுண்துகளைக் காற்றும் கொண்டுவந்து படியவைக்குமே?

நல்ல கேள்வி. நிபுணர்களே எழுப்பும் கேள்வியும் இதுதான். செவ்வாயில் புழுதிப்புயல் கோள் முழுவதையும் மூடுவது உண்டு. ஷார்ப் மலையின் மேற்பகுதி அடுக்குகளில் பெரும்பங்கு காற்று குவித்ததுதான் என்பதில் தகராறில்லை.

அதனால்தான் ஒரே சாட்சியை நம்பாமல் பல சாட்சிகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். 2012 செப்டம்பரில், இறங்கிய சில வாரங்களிலேயே, கியூரியாசிட்டி உடைந்த நடைபாதைத் தளம் போலத் துருத்திக்கொண்டிருந்த ஒரு பாறையைப் படம் பிடித்தது. அதில் உருண்டை மழுங்கிய கூழாங்கற்கள் சிமென்ட் வைத்ததுபோல் ஒட்டிக்கிடந்தன. சில சென்டிமீட்டர் அளவுள்ள கல்லைச் செவ்வாயின் மெல்லிய காற்றால் உருட்டி மழுங்கடிக்க முடியாது. கணுக்காலிலிருந்து இடுப்பளவு ஆழமுள்ள நீரோடை அதைச் செய்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார்கள். அந்த ஓடையின் போக்கில் கீழே இறங்கியபோதுதான் யெல்லோநைஃப் பே சேறு கிடைத்தது. மேட்டில் கூழாங்கல், அடுத்து மணல், தாழ்விடத்தில் சேறு: எந்த ஆறு ஏரியில் கலந்தாலும் இந்த வரிசைதான்.

இன்னும் வலுவான பதில் அலைத்தடங்கள். மணலில் காற்றும் ஓடும் நீரும் போடும் வரிகளுக்கு ஒரு பக்கம் சாய்வாகவும் மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். ஏனென்றால் அவை ஒரே திசையில் தள்ளுகின்றன. ஏரியலை முன்னும் பின்னும் அசைவதால் அது போடும் வரியின் இரு பக்கமும் ஒரே சாய்வு. ஷார்ப் மலையில் ஏறும்போது இப்படி இருபக்கமும் சமமான சிறு வரிகள் இரண்டு இடங்களில் கல்லாகிக் கிடப்பதை ரோவர் கண்டது. உயரம் சுமார் 6 மில்லிமீட்டர். ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4 முதல் 5 சென்டிமீட்டர். இந்த அளவை வைத்துக் கணக்குப் போட்டால் ஏரியின் ஆழம் 2 மீட்டருக்குள். 2025 ஜனவரியில் வெளியான இந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: அலை எழ வேண்டுமானால் காற்று நீரைத் தொட வேண்டும். மேலே பனிக்கட்டி மூடியிருந்தால் அலை ஏது? ஆக, அந்த நாளில் ஏரி திறந்து கிடந்தது.

இந்த வரிகளில் சில, உப்பு நிறைந்த, வறட்சிக் காலத்தது என்று எல்லாரும் எண்ணியிருந்த அடுக்கில் கிடைத்தன என்பது கூடுதல் வேடிக்கை.

ஏரி வற்றியதற்கும் சாட்சி இருக்கிறதா?

இருக்கிறது, கண்ணால் பார்க்கக்கூடிய சாட்சி. கோடையில் கண்மாய் வற்றியதும் அடிச்சேறு பொருக்கு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்குமல்லவா, 'ஓல்டு சோக்கர்' என்று பெயரிடப்பட்ட பாறைப்பலகையில் அதே வடிவம். 2016 டிசம்பரில் எடுத்த படத்தில், ஒரு மீட்டருக்குச் சற்று அதிக அகலமுள்ள பலகை முழுவதும் வெடிப்புகள்; வெடிப்புக்குள் பின்னர் வந்து புகுந்த படிவு கெட்டிப்பட்டு, இன்று மேடான வரம்புகளாக நிற்கிறது.

வெடிப்புகள் சந்திக்கும் விதத்திலும் தகவல் இருக்கிறது. சேறு முதல் முறை காயும்போது ஒரு வெடிப்பு மற்றொன்றில் செங்கோணத்தில் போய் முட்டும். அதே சேறு நனைந்து காய்ந்து, மீண்டும் நனைந்து காய்ந்தால், மூன்று வெடிப்புகள் சம கோணத்தில் கூடி அறுகோணங்களாக மாறும். 'போன்டூர்ஸ்' என்ற இடத்தில் கியூரியாசிட்டி பார்த்தது இந்த அறுகோணங்களைத்தான். மழையும் வெயிலும் மாறி மாறி வந்த ஒரு காலத்தின் தடம் அது என்று 2023இல் எழுதினார்கள். உயிருக்கு மூலப்பொருளான கரிமச் சேர்மங்கள் சேர்ந்து நீள்வதற்கு இப்படி ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவது உதவும் என்று வேதியியலாளர்கள் சிலர் கருதுவதால் இந்தச் செய்திக்கு மதிப்பு கூடியது.

ஜெசெரோ டெல்டா என்ன சொல்கிறது?

டெல்டாவை 2005இலேயே சுற்றுவட்டப் படங்களில் கண்டு எழுதிவிட்டார்கள். ஆனால் விசிறி வடிவம் மட்டும் போதாது. மலையடிவாரத்தில் வறண்ட நிலத்திலும் வெள்ளம் விசிறியாக மணலை விரிக்கும். அது ஏரிக்குள் கட்டிய டெல்டாதானா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது குறுக்குவெட்டு.

அந்தக் குறுக்குவெட்டைக் காட்டியது 'கோடியாக்' என்ற சிறு குன்று. டெல்டாவின் பெரும்பகுதி அரித்துப்போனபின் தனித்து நின்றுவிட்ட மிச்சம். ரோவர் இறங்கிய இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்ததால் தொலைநோக்கிக் கேமராவால்தான் பார்த்தார்கள். கீழே கிடையான அடுக்கு, நடுவே சரிந்து இறங்கும் அடுக்கு, மேலே மீண்டும் கிடை அடுக்கு. ஆறு ஏரிக்குள் நுழைந்ததும் வேகம் இழந்து, சுமந்துவந்த மணலை விளிம்பில் கொட்ட, அது சரிந்து இறங்கி உண்டாகும் அமைப்பு இது. நடு அடுக்கு முடிந்து மேலடுக்கு தொடங்கும் கோடுதான் அன்றைய நீர்மட்டம். அந்தக் கோட்டை அளந்தபோது, டெல்டா படிந்த நாளில் ஏரி மறுகால் வழிந்த நிலையில் இல்லை, அதைவிடச் சுமார் 100 மீட்டர் தாழ்வாக இருந்தது என்று தெரிந்தது. ஜெசெரோ நிரம்பியும் வழிந்தும் தாழ்ந்தும் ஆட்டம் காட்டிய ஏரி.

அதே டெல்டாவின் உச்சியில் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் அகலப் பாறாங்கற்கள் கிடக்கின்றன. சேறு சுமந்த அமைதியான ஆற்றுக்கு அவற்றைத் தூக்கிவர வலு கிடையாது. கடைசிக் காலத்தில் திடீர் வெள்ளங்கள் வந்திருக்கின்றன. எதனால் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்தில்லை.

அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க முடியுமா?

யெல்லோநைஃப் பே நீர் புளிப்பும் இல்லாத, காரமும் இல்லாத, உப்பு குறைந்த நீர். குடித்திருக்கலாம் என்று கியூரியாசிட்டி குழுவினரே 2013இல் சொன்னார்கள். எல்லா இடமும் அப்படியல்ல. 2004இல் ஆப்பர்ச்சூனிட்டி ரோவர் இறங்கிய மெரிடியானி சமவெளியில் ஜாரோசைட் என்ற தாது கிடைத்தது. அமிலம் கலந்த நீரில்தான் அது உண்டாகும். அங்கே இருந்தது அவ்வப்போது மேலே ஊறி வந்து வற்றிய உவர்நீர்.

பாறையின் வயது எப்படித் தெரியும்?

வழக்கமான வழி, நிலத்தில் விழுந்த விண்கல் குழிகளை எண்ணுவது. குழி அதிகமென்றால் நிலம் பழசு. நிலவிலிருந்து கொண்டுவந்த கற்களின் வயதை வைத்து அந்தக் கணக்கைச் சரிபார்த்திருக்கிறார்கள். செவ்வாய்க்குப் பொருத்தும்போது சில பத்துக் கோடி ஆண்டுகள் கூடக்குறைய இருக்கும். 'சுமார் 350 கோடி' என்பதில் வரும் அந்தச் 'சுமார்' மிகப் பெரியது.

கியூரியாசிட்டி இன்னொன்றும் செய்தது. இதைப் பலர் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். 'கம்பர்லேண்ட்' என்ற சேற்றுப்பாறைத் துளையின் பொடியைச் சூடாக்கி, பொட்டாசியம் சிதைந்து உண்டான ஆர்கான் வாயுவை அளந்தது. வேறொரு கோளில், அங்கேயே வைத்து ஒரு பாறையின் வயதைக் கணித்தது அதுவே முதல் முறை. விடை: 421 கோடி ஆண்டு, கூடக்குறைய 35 கோடி. இது ஏரியின் வயது அல்ல. ஏரிக்குள் அடித்துவரப்பட்ட பழைய பசால்ட் துகளின் வயது. அதே பொடியில் அண்டக் கதிர்கள் உண்டாக்கிய வாயுக்களையும் அளந்தார்கள். அந்தப் பாறை வெளிச்சம் கண்டு சுமார் 7.8 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்று தெரிந்தது. அதற்கு முன் அது வேறு பாறைகளுக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கிறது. காற்று மேலே இருந்ததை அரித்துத் தள்ளி அதை வெளிக்கொண்டுவந்தது.

ஏரி எத்தனை காலம் இருந்தது?

கேல் பள்ளத்தில் தனித்தனி ஏரிகள் நூறு முதல் பத்தாயிரம் ஆண்டுகள் வரை நின்றிருக்கலாம் என்றும், வற்றி வற்றி நிரம்பிய அந்தக் காலம் முழுவதையும் சேர்த்தால் பத்தாயிரம் ஆண்டிலிருந்து ஒரு கோடி ஆண்டு வரை ஆகலாம் என்றும் 2015இல் ஒரு மதிப்பீடு வந்தது. இவ்வளவு அகலமான வரம்பைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். சேறு எந்த வேகத்தில் சேர்ந்தது என்பது கல்லில் எழுதப்பட்டிருப்பதில்லை.

அவ்வளவு குளிரில் தண்ணீர் எப்படித் தேங்கியது?

இந்தத் துறையின் ஆறாத தலைவலி இது. இன்று செவ்வாயின் சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரி செல்சியஸ் அளவில். காற்றழுத்தம் பூமியினதில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. திறந்து வைத்த நீர் ஒன்று உறையும், இல்லையென்றால் கொதித்து ஆவியாகும். ஏரிகள் இருந்த காலத்திலோ சூரியனே இன்றைய ஒளியில் முக்கால் பங்குதான் தந்தது. அப்படியானால் அன்று இன்னும் குளிராக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு காற்று இருந்திருக்கும் என்பது முதல் பதில். கணினி மாதிரிகளில் அது மட்டும் போதவில்லை. ஹைட்ரஜன் போன்ற வேறு வாயுக்களும் கலந்திருந்தால் கணக்கு ஓரளவு சரிவருகிறது. எப்போதும் குளிர், எரிமலை வெடிப்போ பெரிய விண்கல் மோதலோ நடந்தபின் கொஞ்ச காலம் மட்டும் வெதுவெதுப்பு என்பது இன்னொரு தரப்பு. பனிக்கு அடியில்தான் நீர் இருந்தது என்று சொல்வோரும் உண்டு. மேலே சொன்ன அலைத்தடங்கள் இந்தக் கடைசித் தரப்பைக் கொஞ்சம் சிரமப்படுத்துகின்றன. ஆனால் ஒரு பள்ளத்தின் ஒரு காலகட்டத்தை வைத்துக் கோள் முழுவதுக்கும் தீர்ப்பு எழுத முடியாது.

அந்தத் தண்ணீரெல்லாம் எங்கே போனது?

ஒரு பகுதி விண்வெளிக்கு, ஒரு பகுதி நிலத்துக்குள். செவ்வாய்க்குப் பூமியைப் போன்ற காந்தக் கவசம் இன்று இல்லை. சூரியக் காற்று மேல்வளியைச் சுரண்டுகிறது. 2014 முதல் செவ்வாயைச் சுற்றிய மேவன் கலத்தின் அளவீட்டின்படி, அங்கிருந்த ஆர்கானில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே வெளியேறிவிட்டது. எஞ்சிய நீராவியில் கனமான ஹைட்ரஜனின் விகிதம் பூமியைவிட ஐந்தாறு மடங்கு அதிகம். இலேசானது தப்பிவிட்டது, கனமானது தங்கிவிட்டது. களிமண் போன்ற தாதுக்கள் நீரைத் தம் அமைப்பிலேயே பூட்டிவைத்துக்கொண்டதும் கணிசமான பங்கு.

காற்று எங்கே போனது என்பதற்கு 2025 ஏப்ரலில் ஒரு துப்பு வந்தது. ஷார்ப் மலையின் சல்பேட் அடுக்குகளில் சிடரைட் என்ற இரும்புக் கார்பனேட், எடையில் சுமார் 5 முதல் 10 சதவீதம் வரை இருந்தது. பழைய காற்றின் கார்பன் டை ஆக்சைடு கல்லாக மாறியதன் அடையாளம். சுற்றுவட்டக் கருவிகளின் கண்ணில் இது படவில்லை. துளையிட்டுப் பார்த்த பிறகே தெரிந்தது.

கடலே இருந்தது என்கிறார்களே?

வடக்குச் சமவெளியில் பெருங்கடல் இருந்ததா என்பது பல பத்தாண்டுச் சண்டை. 2021இல் யுடோப்பியா சமவெளியில் இறங்கிய சீனாவின் ஜுரோங் ரோவர், நிலத்தடியில் கடற்கரைப் படிவு போலச் சரிந்த அடுக்குகளை ரேடாரில் கண்டதாக 2025இல் கட்டுரை வந்தது. சுவையான செய்திதான், ஆனால் ரேடார் எதிரொலி கல் அல்ல. தெற்கேயுள்ள எரிடானியா படுகை பற்றி நம்பிக்கை அதிகம். உள்நாட்டுக் கடல் என்று சொல்லத்தக்க அளவு நீர், சுமார் 2,10,000 கன கிலோமீட்டர், அதில் இருந்திருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். குசேவுக்குள் வந்து கொட்டிய மாதிம் பள்ளத்தாக்கை அறுத்ததும் இதன் நீர்தான்.

ஏரியில் உயிர் இருந்ததா?

இருந்தது என்று சொல்ல இதுவரை எதுவும் கிடைக்கவில்லை. யோசிக்க வைக்கும் இரண்டு கிடைத்திருக்கின்றன.

ஒன்று, மேலே சொன்ன கம்பர்லேண்ட் பொடியிலேயே 10, 11, 12 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலிச் சேர்மங்கள் இருப்பதாக 2025 மார்ச்சில் அறிவித்தார்கள். செவ்வாயில் இதுவரை கண்டதில் இவையே மிக நீளமானவை. கொழுப்பு அமிலங்கள் உடைந்து வந்தவையாக இருக்கலாம். கொழுப்பு அமிலம் உயிர் இல்லாமலும் உண்டாகும்.

மற்றது, ஜெசெரோவுக்கு நீர் கொண்டுவந்த நெரெத்வா பள்ளத்தாக்கில் 2024 ஜூலையில் பெர்சவரன்ஸ் கண்ட 'செயாவா ஃபால்ஸ்' என்ற சேற்றுப்பாறை. ஒரு மீட்டர் நீளம் இருக்கும். அதன்மேல் சிறுத்தைத் தோல் போல நடுவே வெளுத்து விளிம்பு கறுத்த புள்ளிகள். விளிம்பில் இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த விவியனைட்டும், இரும்பும் கந்தகமும் சேர்ந்த கிரீகைட்டும் இருப்பதாகத் தெரிகிறது. பூமியில் ஏரிச் சேற்றில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைத் தின்று இரும்பை மாற்றும்போது இவை உண்டாவது வழக்கம். வெறும் வேதியியலாலும் உண்டாகலாம், ஆனால் அதற்குப் பொதுவாகத் தேவைப்படும் அதிக வெப்பத்துக்கு அந்தப் பாறையில் அடையாளம் இல்லை. 2025 செப்டம்பரில் வெளியான ஆய்வுக் கட்டுரை 'உயிரின் தடயமாக இருக்க வாய்ப்புள்ளது' என்பதோடு நிறுத்திக்கொண்டது. நாளிதழ்கள்தாம் நிறுத்தவில்லை.

அந்தப் பாறையில் எடுத்த மாதிரி குழாயில் அடைக்கப்பட்டுக் காத்திருக்கிறது. அதைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை ஆகும், 2040 வரை காத்திருக்க வேண்டும் என்று 2024இல் நாசாவே கையை விரித்தது. இவ்வளவு தூரம் போய்ச் சேகரித்ததை அங்கேயே விட்டுவைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அங்கே ஏரி ஏதும் இல்லையா?

மேற்பரப்பில் இல்லை. தென்துருவப் பனிக்கு 1.5 கிலோமீட்டர் கீழே, 20 கிலோமீட்டர் அகலத்தில் நீர் இருப்பதாக 2018இல் ரேடார் ஆய்வு ஒன்று சொன்னது. உறைந்த களிமண்ணும் அதே எதிரொலியைத் தரும் என்று பின்னர் வந்த ஆய்வுகள் மறுத்தன. இப்போதைக்கு 'ஏரி' என்று எழுதாமல் இருப்பதே நல்லது.

மங்கள்யான் இதில் ஏதாவது கண்டதா?

ஏரிப் படிவை ஆராய்வது அதன் வேலையில்லை. 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அது, ஆறு மாதத்துக்குத் திட்டமிடப்பட்டு 2022 வரை தாக்குப்பிடித்தது. மேல்வளியில் ஹைட்ரஜனை அளக்கும் கருவி ஒன்று அதில் இருந்தது. நீர் தப்பிப்போன கதையோடு தொடர்புள்ளது அதுதான்.

நம் நாட்டிலேயே செவ்வாய் ஆய்வாளர்கள் வந்து பார்க்கும் இடங்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி, தக்காணப் பசால்ட்டில் விண்கல் மோதி உண்டான பள்ளம். அகலம் சுமார் 1.8 கிலோமீட்டர், உள்ளே நீர். பசால்ட்டில் ஏற்பட்ட மோதல் பள்ளம் பூமியில் அபூர்வம், செவ்வாயிலோ திரும்பிய பக்கமெல்லாம் அதுதான். குஜராத்தின் கட்ச் பகுதியில் மாதானோமத் என்ற இடத்தில், மெரிடியானியில் கிடைத்த அதே ஜாரோசைட் இருக்கிறது.

இந்தப் படங்களை நாமே பார்க்க முடியுமா?

முடியும், காசு கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ரோவர்களும் அனுப்பும் படங்களைத் திருத்தாமல் அப்படியே நாசா தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. ஓல்டு சோக்கர், கோடியாக், செயாவா ஃபால்ஸ் என்ற பெயர்களைக் கொடுத்துத் தேடினால் விளக்கத்தோடு கிடைக்கும். கோடியாக் படத்தை முழு அளவில் திறந்து, சரிந்த அடுக்கு எங்கே முடிகிறது என்று பாருங்கள். நிறத்தை நம்ப வேண்டாம். பாறையின் வேறுபாடு தெரிவதற்காகப் பல படங்களில் வெளிச்சத்தைப் பூமியின் பகல் போல மாற்றியிருப்பார்கள். படத்தின் அடியில் உள்ள அளவுகோலை மட்டும் பார்க்கத் தவற வேண்டாம். மலை என்று நினைத்தது சில சமயம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும்.